முடிச்சில்லாத தையல்

நீதான் அவளைக் கொளுத்தினாய். அவள் கேட்டது ஆறடி மண், நீ அடுக்கியது வரட்டியும் விறகும். அவள் கேட்டது ஒரு வெள்ளைத் துணி, நீ சுற்றியது அரக்குப் பட்டு, அதிலும் ஜரிகை போட்டது. பெற்றவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு காரியம், அதைச் செய்யத் துப்பில்லாமல் நாலு பேர் பேச்சைக் கேட்டுக் கொள்ளிக்கட்டையைக் கையில் வாங்கினவன் நீ. இன்றைக்கு உனக்கு மட்டும் மண் வேண்டுமாம், உனக்கு மட்டும் வெள்ளை வேண்டுமாம், அதையும் நான்தான் உட்கார்ந்து தைத்துத் தர வேண்டுமாம் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே நேமி நூலைச் சுண்டி இழுத்தான். இழுத்த வேகத்தில் முக்கால் முழத்துக்குப் போட்டிருந்த தையல் அத்தனையும் சரசரவென்று உருவிக்கொண்டு ஊசியோடு கைக்கு வந்துவிட்டது. இது மூன்றாவது தடவை. நாற்பது வருஷமாகக் கட்பீஸ் வியாபாரத்தில் துணி கிழித்த கை, கஜக்கோல் இல்லாமலே அரை அங்குலம் பிசகாமல் அளக்கிற கை, ஒரு ஊசியிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறது. ஒண்டிப்புதூரில் மில் வேலைக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று, அதன் முன்னறை, ஜன்னலடியில் ஒரு பாய், பாயில் விரித்த மல் துணி, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. குறுக்கே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் கட்டிலில் கிடக்கிறான். கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கை, வெளியே வரும்போது ஒரு கரகரப்பு, நடுவில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் நேமியின் ஊசியும் நின்றுவிடுகிறது. மில்லில் முப்பத்தைந்து வருஷம் இழுத்த பஞ்சுத் தூசி. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளோ மூன்று நாளோ. உயிரோடு இருக்கிறவனுக்கு இப்படியொரு துணியைத் தைக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அம்மாவின் ஆட்களில் தைப்பார்கள். தனக்குத் தானே தைத்துப் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

முடிச்சுப் போடக்கூடாது, அதுதான் அதில் சட்டம். நூலைக் கோத்ததும் நுனியில் விரலைச் சுற்றி ஒரு முடிச்சு, உலகத்தில் ஊசி பிடிக்கிற யாரும் யோசிக்காமல் செய்வது, அது ஆகாது. நூல் நுனியை ஒரு சாண் தொங்கவிட்டு, பெரிது பெரிதாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போய், கடைசியிலும் அப்படியே தொங்கவிட்டுவிட வேண்டும். மண்ணில் வைத்த பிறகு தானாகப் பிரியணும், போகிற ஆளை எதுவும் பிடித்து வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லுவாள். அம்மா சிம்ஹா, கொச்சிப் பக்கத்து யூதக் குடும்பத்துப் பெண். சுமை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய்வந்த கோயமுத்தூர் நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டு இதே வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். தெருவுக்கு அவள் சிம்மாம்மா. கல்யாணத்துக்கு முன்னால் எர்ணாகுளத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து இந்தத் துணிகளைத் தைக்கும்போது அவளும் போய்த் தைத்திருக்கிறாள். சட்டை, கால்சட்டை, மேலங்கி, இடுப்புத்துணி, தலைக்கு ஒரு தொப்பி. பை வைக்கக்கூடாது. மெஷினில் தைக்கக்கூடாது. நேற்று எர்ணாகுளத்துக்குப் போன் போட்டபோது சிப்போரா அக்காவும் அதையேதான் சொன்னாள். அம்மாவுக்குச் சித்தப்பா மகள், முறைக்குச் சித்தி, கூப்பிட்டுப் பழகியது அக்கா, ஊரில் மிச்சமிருக்கிற நாலைந்து பேரில் ஒருத்தி, எண்பது வயசு, பேச்சு பாதி மலையாளம். “சட்டை மட்டும் நீ தைச்சாப் போதும், பாக்கி இங்கே தைச்சு வெச்சது உண்டு. முடிச்சு இடாதே மோனே. மெல்லத் தைக்கணும். கோபத்தில் தைச்சா அது நிக்காது, கேட்டோ?” என்றாள். “அண்ணனுக்கு அங்கே இடம் தருவாங்களா அக்கா? எத்தனை பேருகிட்டப் பேசோணும், சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்” என்று இவன் வழக்கப்படி பேரத்துக்குத் தயாராக நின்றான். “எந்து பேச? சிம்ஹாவின்றெ மகன்தானே. இடம் உண்டு. நீ கொண்டுவா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பேரம் பேச ஒன்றுமில்லாமல் போனதில் நேமிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை சுலபமா. அப்படியென்றால் அன்றைக்கும் இத்தனை சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஒரு போன், ஒரு வேன், அஞ்சு மணி நேரம். அதைச் செய்யவில்லையே நீ.

அவன் மறுபடி நூலைக் கோத்தான். இரண்டாம் தடவையில் கோத்துவிட்டான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நூல் நுனியை எச்சில்படுத்தி. கோத்த கையோடு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே சுழன்று முடிச்சை உருட்டிவிட்டன. சனியன். கத்தரித்துப் போட்டான். விளக்கு வைக்கிறதுக்குள் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றிவிட்டால் ஓய்வுநாள், நாளை ராத்திரி நட்சத்திரம் தெரிகிறவரை ஊசியைத் தொடக்கூடாது, அதுவும் அம்மா சட்டம். தொங்கு விளக்கில் எண்ணெய் ஊற்றுகிறதற்கு முன்னால் ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். நாளை ராத்திரி வரைக்கும் மூச்சு இருக்குமா என்று யார் சொல்ல முடியும். தைத்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறான் அண்ணன். அம்மாவுக்கு ஆனது தனக்கும் ஆகிவிடுமோ என்று பயம், அப்படித்தான் இருக்கும், பயப்படட்டும். வலமிருந்து இடம், வலமிருந்து இடம். ஊசி எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் போகும், அதனால் வலமிருந்து இடமாக எழுதுகிற நம்ம எபிரேய எழுத்து ஊசிக்கென்றே பிறந்தது என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் ஒரு புத்தகம்கூட இருக்கவில்லை. இருந்ததையெல்லாம் அவளுடைய அக்கா இஸ்ரேலுக்குக் கப்பலேறும்போது கொண்டுபோய்விட்டாள். மனப்பாடமாக இருந்ததை மில் துணியில் சிவப்பு நூலால் எழுதினாள். வெள்ளிக்கிழமை ரொட்டியை மூடுகிற துணியில் நாலு எழுத்து, தலையணை உறையில் ரெண்டு எழுத்து, பிள்ளைகள் சட்டைக் காலரின் உள்பக்கம், வெளியே தெரியாமல், ஒரு எழுத்து. பையன்கள் ரெண்டு பேருக்கும் அந்த எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டவில்லை, ஊசியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னாள். இன்றைக்கும் நேமிக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது, ஆனால் இருட்டில் துணியைத் தடவினால் எந்த எழுத்தென்று விரல் சொல்லிவிடும். அண்ணன் தைத்த எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவன் தைத்தது நண்டு ஊர்ந்த மாதிரி. “மூத்தவனுக்குக் கை கொடுத்திருக்கான், இளையவனுக்கு வாய் கொடுத்திருக்கான், ரெண்டும் ஒரே இடத்துல இருந்திருந்தா ஒரு முழு ஆள் கிடைச்சிருப்பான்” என்று அம்மா இரண்டு பேர் தலையிலும் குட்டுவாள். கை மில்லுக்குப் போயிற்று. வாய் சந்தைக்குப் போயிற்று.

“ஏனுங்க கொழுந்தனாரே, காலையிலிருந்து இருக்கீங்க, இன்னும் ஒரு கையிதானா ஆச்சு?” அண்ணி துளசிமணி காப்பி டம்ளரைப் பாயோரம் வைத்தாள். பத்தொன்பது வருஷம் இவன் இந்த வாசப்படி மிதிக்கவில்லை, அவள் பேச்சிலோ நேற்று வந்துவிட்டுப் போன ஆள்மாதிரி ஒரு கிண்டல். பிள்ளைகள் இல்லாத வீடு, சிரிக்கிறதுக்கும் அழுகிறதுக்கும் அவளே ஆள். “கடையில அத்தினி பேரை வாயாலயே தெச்சுப்போடறவரு, இங்க ஊசிகிட்ட இந்தப் பாடு படறீங்க.” “துணி சரியில்ல அண்ணி, வழுக்குது” என்றான். “துணி உங்க கடைத் துணிதானுங்களே” என்றாள் உடனே. சந்தையில் இவனை இப்படி மடக்கினவன் இன்னும் பிறக்கவில்லை. அவள் போகாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் தெக்கறேன்னு சொன்னேனுங்க. பக்கத்தூட்டுப் பிள்ளை டைலர், அதையும் கேட்டேன். வேண்டாங்கறாரு. நேமிதான் தெக்கோணும், வேற ஆரும் தொடக்கூடாதுன்னு ஒரே பிடி. வலிக்குதுன்னுகூட ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், இந்த ஒண்ணுக்கு மட்டும் கொழந்தையாட்டம் அடம்.” “எதுக்காம்?” “அதை நீங்களே கேட்டுக்கோங்க. ஆறு தப்படி தள்ளித்தான படுத்துக் கெடக்கறாரு. வந்ததிலிருந்து இன்னும் திரையை வெலக்கி ஒருக்கா எட்டிப் பாக்கல நீங்க.” அவள் உள்ளே போனாள். காப்பியில் ஆடை படிந்தது. அடம். இவனையே தைக்கச் சொன்னால் அதில் ஒரு சூது இல்லாமலா இருக்கும். எதிராளி தானாக வந்து ஒன்றைக் கேட்டால் அவனுக்கு அதைவிடப் பெரிதாக வேறொன்று வேண்டியிருக்கிறது என்று அர்த்தம், சந்தையில் அடிபட்டு அடிபட்டு இவன் படித்த பாடம் அது. என்ன வேண்டும் உனக்கு. மன்னிப்பா. தர மாட்டேன். துணி தருகிறேன், தையல் தருகிறேன், எர்ணாகுளம் வரைக்கும் வண்டியில் கூடவே உட்கார்ந்து வருகிறேன், அதை மட்டும் கேட்காதே.

வலமிருந்து இடம். மெல்ல. கோபம் வந்தால் ஊசியை நிறுத்து. நிறுத்தினான். மூச்சு போனது, நின்றது, வந்தது. பை இல்லாத சட்டை. ஆயுசு பூராவும் இவன் நாலு பை வைத்த சட்டைதான் போட்டிருக்கிறான், மேலே ரெண்டு, பக்கவாட்டில் ரெண்டு, அதற்குள் ஒரு ரகசியப் பை. பை இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அங்கே நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது. என்ன அற்பமான யோசனை. ஆனாலும் அதுதான் வருகிறது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது எந்த விரலை மடக்கினான் எந்த விரலை நீட்டினான் என்று. இந்த வெள்ளைத் துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் யார் விரலாவது தட்டுப்படுமா. தட்டுப்பட்டால் கேட்கலாம். ஒரு வாரம் கொடு. சரி, வேண்டாம், நாலு நாள். சரி, அதுவும் வேண்டாம், ஞாயிறு காலை வரைக்கும். அண்ணனுக்காகவா கேட்கிறேன். சீ, இல்லை. எனக்கு இன்னும் அவனிடம் பேச வேண்டியது இருக்கிறது, அதற்காக. தோளில் இணைப்பு வந்தது, இடது கை. இங்கே துணி இரண்டு மடிப்பு, ஊசி கஷ்டப்பட்டு இறங்கியது. இங்கேதான் எல்லாத் தடவையும் பிரிந்துபோகிறது. பிரிகிறதா, பிரிக்கிறேனா. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்த நாள் வந்து நிற்கிறது. சட்டி. அம்மாவின் சாம்பல் இருந்த மண் சட்டி, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியை அதற்குக் கட்டத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

மூன்றாம் நாள் காலையில் வந்து இறங்கினான். இதே முன்னறை. அப்பா வழிப் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நம்மூட்டுக்கு வந்தவ நம்ம முறைப்படிதான் போகோணும் என்று சொன்னவர்கள், அவர்கள் நடுவில் மொட்டைத் தலையோடு அண்ணன். சட்டி மூலையில் இருந்தது. நேமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எங்கடா அம்மா என்று கேட்டான், அண்ணனை அடா போட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் மூலையைப் பார்த்தான். அறைந்தான் இவன். ஊரே பார்க்க, கன்னத்தோடு சேர்த்து, காது செவிடாகிற மாதிரி ஒரு அறை. அண்ணன் கையைத் தூக்கவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணைக்கூட இவன் பக்கம் திருப்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அறை வாங்கின பக்கம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. அன்றிலிருந்து இவன் சொல்லாத இடமில்லை. பேரூர் ஆற்றில் கரைக்கப் போகவில்லை, நானா போவேன் என்றான். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னான், கல்யாண வீட்டில் சொன்னான், பெண்டாட்டியிடம் தினமும் சொன்னான், பெற்றவளைக் கொளுத்தினான் என் அண்ணன். பதினைந்து வருஷம் கழித்தும் சொன்னான். அது வாயில் ஊறிப்போய்விட்டது, வெற்றிலை மாதிரி, மென்றுகொண்டே இருந்தால்தான் வாய் சும்மா இருக்கும். ஏன் மென்றுகொண்டே இருந்தான். நிறுத்தினால் என்ன வரும். ஊசி குத்தியது. விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. துணியில் படாமல் சட்டென்று வாயில் வைத்துக்கொண்டான். உப்பு. படக்கூடாது, வெள்ளையில் ஒரு துளி படக்கூடாது. தாகமெடுத்த மாதிரி அந்த விரலை உறிஞ்சிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். வெயில் எதிர் வீட்டு ஓட்டிலிருந்து இறங்கிவிட்டது. மணி அஞ்சு இருக்கும். வேகமாக வேண்டும். வேகம் ஆகாது.

மெட்ராஸ். அந்த இடத்துக்குப் போகாதே என்று சொன்னால் மனசு கேட்கிறதா, செருப்பைத் தேடுகிற நாய்மாதிரி அங்கேயே போய் முகர்கிறது. மூர் மார்க்கெட் பக்கம் ஒரு லாட்ஜ், மேஜைமேல் கறுப்புப் போன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அண்ணனின் குரல். “நேமி, அம்மா போயிட்டா. காத்தால எட்டு மணிக்கு. எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோகோணும், எனக்கு அங்க பேசத் தெரியாது, இங்க பங்காளிக வந்து கூடிட்டாங்க, அவங்ககிட்டயும் எனக்குப் பேசத் தெரியாது. நீ ராத்திரி வண்டிக்கே வந்துரு.” அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பேரம் இருந்தது, எப்போது முடியும் என்று சொல்ல முடியாத பேரம். மூடிப்போன ஒரு மில்லின் சரக்கு, மொத்த லாட், அதை வாங்கினால் தள்ளுவண்டிக்காரன் கடைக்காரன் ஆகிவிடலாம். பதினொரு வயசிலிருந்து தோளில் துணிமூட்டை சுமந்தவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திறக்கிற கதவு. இன்னும் ஒரு நாள் தள்ளிப் போனால் வேறொருத்தன் தூக்கிவிடுவான். இவன் போனில் சொன்னான், வண்டி ஓடலீண்ணா. என்னது. மழையில தண்டவாளம் போயிருச்சாம், இன்னைக்கு வண்டி இல்லியாம், நாளைக்கு வர்றேன், ஐஸ் வெச்சு எப்படியாச்சும் பாத்துக்க. மழை பெய்யவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வைகாசி மாசம். வண்டி ஒன்பது மணிக்குச் சென்ட்ரலிலிருந்து கிளம்பியது. கிளம்பியது இவனுக்குத் தெரியும், அதே நேரத்துக்குப் பேரம் படிந்து, எதிராளியோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். டீயில் இஞ்சி போட்டிருந்தார்கள். இதை இவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. நீதான் கொளுத்தினாய். இல்லை, இரு. நீதான். வைகாசியில் ஒரு பகல் ஒரு ராத்திரி, ஐஸ் உருகி முன்னறை பூராவும் தண்ணீர், பேசத் தெரியாத ஒருத்தன் தனியாக எத்தனை பேரைத் தடுத்து நிறுத்துவான். ஆனாலும் நீதான். நீயாகத்தான் இருக்க வேண்டும். விரல் சுழன்று மறுபடி ஒரு முடிச்சை உருட்டியதை நேமி பார்க்கவில்லை. அது துணிக்குள் இறங்கி இரண்டு மடிப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. தையல் முதன்முறையாகப் பிரியாமல் நின்றது. அப்பாடா என்று அவன் பெருமூச்சு விட்டு இடது கையை ஓட்டி முடித்து, நூலைத் தொங்கவிட்டுக் கத்தரித்தான்.

“நேமி.” திரைக்கு அந்தப் பக்கமிருந்து. கூப்பிட்ட குரல்தானா, மூச்சின் கரகரப்பா. “நேமி, ஆயிருச்சா? கொண்டா பாக்கலாம்.” போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினான், கிடைக்கவில்லை, எழுந்தான். திரையை விலக்கினான். கட்டிலில் இருந்தது அண்ணனில் பாதி. தோளெலும்பு ரெண்டும் கம்பி ஹேங்கர்மாதிரி நின்றன. கை மட்டும் மாறவில்லை, நீளமான விரல்கள், சுத்தமான நகம். சட்டையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தையலை விரலால் தடவிக்கொண்டே போனான், கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து அக்குள். “இன்னும் நண்டுதான் ஊருது” என்றான். நேமிக்குச் சிரிப்பு வந்தது. “சும்மா கெடக்கறவனுக்கு இது போதும்” என்றான். அண்ணனின் விரல் இடது அக்குளில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி நின்றது. “இங்க ஒண்ணு இருக்குது.” “எங்க? இல்லியே. பாத்துப் பாத்துத்தானே தெச்சேன்.” “இருக்குது.” நகத்தின் நுனியை மடிப்புக்குள் விட்டு அண்ணன் அந்த முடிச்சைக் கிளற ஆரம்பித்தான். அவசரமில்லை. மூச்சு வாங்கினால் நிறுத்தி, வந்ததும் தொடர்ந்தான். முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான், இவன் முகத்தைப் பார்க்கவில்லை. “அம்மா போன மக்யாநாள் விடியால டேசனுக்குப் போயிருந்தேன்.” நேமிக்கு எந்த டேசன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “ஒருவேளை வண்டி உட்டிருந்தா நீ வந்துருவியோன்னு. அம்மாகிட்டத் துளசியை உட்டுட்டு சைக்கிள்ல போனேன். மெட்ராஸ் வண்டி வந்துச்சு. நேரத்துக்கு வந்துச்சு. நின்னுச்சு. எல்லாரும் எறங்குனாங்க.” நகம் நின்றது, தொடர்ந்தது. “கடைசி ஆள் எறங்கற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்பறம் ஊட்டுக்கு வந்தேன். எட்டு மணிக்கு அவங்க சொன்னதுக்குச் சரின்னுட்டேன்.”

எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். நேமி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். தெரியும். அறை வாங்கும்போது தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தெரியும். கடையிலும் கல்யாண வீட்டிலும் இவன் சொன்னதெல்லாம் காதுக்கு வந்து சேர்ந்தபோது தெரியும். வண்டி வந்துச்சே தம்பி, அந்த மூன்று வார்த்தையைச் சபையில் சொல்லியிருந்தால் அன்றைக்கே இவன் செத்திருப்பான். “ஏன் சொல்லல?” குரல் இவனுடையதுமாதிரி இல்லை. “சொன்னா நீ எங்க போவே?” என்றான் அண்ணன். “என்மேல கோவிச்சுக்கிட்டு இருந்தீன்னா உனக்குக் கோவிச்சுக்கவாச்சும் ஒரு ஆள் இருக்கும். பத்த வெச்சது நான்தானே. அது பொய்யில்லியே.” “எத்தன வருசம்! அண்ணா, எத்தன வருசம் நான் கத்தியிருக்கேன்!” “நல்லாத்தான் கத்துனே. மில் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.” முடிச்சு அவிழ்ந்தது. அண்ணன் நூலைத் தடவி நேராக்கி, தொங்கவிட்டு, சட்டையை மார்மேல் விரித்துக்கொண்டான். “இப்ப சரி. உன்னைத் தெக்கச் சொன்னது எதுக்குன்னா, அவளுக்கு நான் செய்யாததை நீ எனக்குச் செஞ்சீன்னா, அங்க போயி அவகிட்டச் சொல்ல ஒண்ணு இருக்குமல்லோ. சின்னவன் செஞ்சான்னு.” இவ்வளவுதான் கேட்டது. இதற்காகத்தான் அடம். தனக்காகக்கூட இல்லை. இந்தப் பாவி போகிற இடத்திலும் தம்பிக்காகப் பேசப் போகிறான், பேசத் தெரியாதவன்.

நேமிக்குக் கோபம் வந்தது. பழைய கோபம் இல்லை, அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை, இது வேறு, கண்ணை மறைக்கிற கோபம். முன்னறைக்குப் போனான், பாயிலிருந்த மல் துணியின் மிச்சத்தை அப்படியே வாரினான், ஊசியையும் நூல் கண்டையும் எடுத்தான், வந்து அத்தனையையும் அண்ணன் மடியில் போட்டான். பின்னால் அண்ணி ஓடிவந்து, “என்னுங்க இது, சாகக் கெடக்கற மனுசன்மேல துணியை எறியறீங்க” என்று பதறினாள். “அண்ணி, சித்த சும்மா இருங்க. இது எங்களுக்குள்ள” என்றான். பிறகு குனிந்து, அண்ணன் முகத்துக்கு வெகு பக்கத்தில், சந்தையில் கடைசி விலையைச் சொல்லுகிற குரலில் சொன்னான். “சின்னவன் செஞ்சான்னு நீ சொல்ல வேண்டாம். எனக்காக நீ வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும், எனக்காக நீ வாயைத் தொறக்கவும் வேண்டாம். இது அம்மாவுக்கு. அவ அளவு எனக்குத் தெரியாது, நான் தூக்கிப் பாத்ததில்ல, தொட்டுப் பாத்ததில்ல, கடைசியா உன் கையிலதான் இருந்தா. உனக்குத் தெரியும், தோள் எத்தன, கை நீளம் எத்தன. தை. மண்ணுல உன் தலைக்கடியில நானே மடிச்சு வெச்சு அனுப்பறேன். அப்படி வெக்கறது மொறையில்லீன்னு சிப்போரா அக்கா சொல்லுவா, அவகிட்ட நான் பேசிக்கறேன், எனக்கு அதாச்சும் தெரியும். வெளக்கு வெக்க இன்னும் அரை மணி இருக்குது, இன்னைக்கு ஒரு கை தை. மிச்சம் நாளைக்கு ராத்திரி நட்சத்திரம் பாத்து. அதுக்குள்ள போறேன்னு எங்கிட்டச் சொல்லாதே, ஒத்துக்க மாட்டேன். வண்டி வந்ததும் நின்னு பாத்தியே, கடைசி ஆள் எறங்கற வரைக்கும், அந்தப் பொறுமை இப்ப வேணும். என்னைப் பத்தொம்பது வருசம் பொய்யனா நிக்க உட்டுட்டுப் போயிருவியா நீ? ஊசியைப் புடி அண்ணா. அவளைச் சரியாப் போத்து. நீயே சரி பண்ணு.”